கோழி நலமும் அகில உலக ஒத்துழைப்பும்

உலகத்தில் பத்திரிகைகள் ஒன்றையொன்று அறியாமல் தத்தம் போக்கில் வெளியாகிக்கொண்டிருப்பது மனித குலத்துக்கு நல்லதல்ல என்று பல நாட்டு நூலகங்கள் கூடிப் பேசி முடிவு செய்தன. எந்தப் பத்திரிகை எப்போது பிறந்தது, எப்போது பெயர் மாறியது, எப்போது நின்றது என்பதை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் உலகத்தின் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியை அடுத்த மாநாட்டில் பார்த்துக்கொள்ளலாம். இதற்காக ‘தொடர் வெளியீடுகளுக்கான அகில உலக ஒத்துழைப்பு மன்றம்’ என்று ஒன்று ஏற்பட்டது.

நம் தேசிய நூலகமும் அதில் உறுப்பினர் ஆயிற்று. ஒத்துழைப்பில் ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. எந்த நாடு எத்தனை பத்திரிகைகளைப் பட்டியலுக்கு அளித்தது என்று மன்றம் ஆண்டுதோறும் ஓர் அட்டவணை வெளியிடும். அதில் பக்கத்து நாடு நமக்கு மேலே இருந்தது. பக்கத்து நாட்டில் நம்மைவிட மக்கள் குறைவு, பள்ளிக்கூடம் குறைவு, மழைகூடக் குறைவு. நூலக இயக்குநருக்கு அந்த அட்டவணையைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அவர் பருவ இதழ்ப் பிரிவின் தலைவியைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மாளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் நூலகத்தில் எல்லோரும் ‘பட்டியலம்மா’ என்றுதான் சொல்வார்கள். வீட்டில் மளிகைச் சீட்டு எழுதும்போதுகூட ‘உப்பு: காண்க, கல் உப்பு’ என்று எழுதுகிறவர் என்று அவருடைய கணவரே ஒரு பிரிவுபசார விழாவில் மனம் திறந்து பேசியிருக்கிறார்.

“ஏம்மா, நம்ம நாட்டுல பத்திரிகையே இல்லையா?” என்றார் இயக்குநர்.

“இருக்கு சார். இருக்கிறது அவ்வளவுதான்.”

“இருக்கிறத மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு நாடு எப்படிம்மா முன்னேறும்?”

பட்டியலம்மா இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தன் பிரிவுக்குத் திரும்பினார். மன்றத்தின் விதித் தொகுப்பை முதலிலிருந்து படித்தார். அதில் ஒரு விதி அவர் கண்ணில் பட்டது. பத்திரிகையின் தலைப்பில் முதல் ஐந்து சொற்களுக்குள் எந்தச் சொல் மாறினாலும் பழைய பத்திரிகை முடிந்துவிட்டது என்று பொருள்; அங்கே பிறந்திருப்பது புதிய பத்திரிகை; அதற்குப் புதிய எண். விதியைப் படித்ததும் அவருக்குக் கோழி டாக்டரின் ஞாபகம் வந்தது.

கோழி டாக்டர் அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடு, ஆடு எல்லாம் பார்த்தவர்தான். ஆனால் மனம் கோழியோடு ஒட்டிக்கொண்டது. ஓய்வுக்குப் பிறகு கோழிகளைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். கட்டுரை, கேள்வி பதில், தலையங்கம், வாசகர் கடிதம் எல்லாம் அவரே எழுதுவார். மனைவி பிழை திருத்துவார். மனைவியின் தம்பி அச்சகம் வைத்திருந்ததால் அங்கே அச்சாகும்.

அந்த அச்சகக்காரர் வியாபாரத்தை நவீனப்படுத்தும் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்திருந்தார். பெயர் மாறாத எதையும் மக்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று முதல் அவர் பத்திரிகையின் தலைப்பை இதழுக்கு இதழ் புதுப்பித்து வந்தார். முதல் இதழ் ‘கோழி நலம்’. அடுத்தது ‘கோழியும் நலமும்’. பிறகு ‘நலமான கோழி’, ‘புதிய கோழி நலம்’, ‘இன்றைய கோழி’ என்று போய், ஒரு மாதம் ‘கோழி 360’ என்று வந்தது.

“முந்நூத்தி அறுபது எதுக்கு மச்சான்?” என்று டாக்டர் கேட்டார்.

“எல்லாப் பக்கத்துலேருந்தும் பாக்குறோம்னு அர்த்தம் அத்தான். இப்ப எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.”

“கோழிய முன்பக்கத்துலேருந்து பாத்தா போதுமேடா.”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாது அத்தான். நீங்க உள்ள இருக்கிறத மட்டும் எழுதுங்க.”

டாக்டர் விட்டுவிட்டார். மனைவியின் தம்பியிடம் தலைப்புக்காகச் சண்டை போடுகிற வயதை அவர் கடந்திருந்தார். இதழ் வந்ததும் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். விற்காமல் மிஞ்சியவை மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விடும். வீட்டில் பிரதி வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் கரையான் தொல்லை; நூலகமோ கருங்கல் கட்டடம்.

பட்டியலம்மா அந்த இதழ்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து இயக்குநரை அழைத்தார்.

“சார், இது ஒரு பத்திரிகை இல்ல.”

“பின்ன?”

“வம்சம்.”

அடுத்த சில வாரங்கள் பருவ இதழ்ப் பிரிவில் யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. ‘கோழி நலம்’ பிறந்து ஒரே இதழோடு காலமானது பதிவாயிற்று. அதன் வாரிசு ‘கோழியும் நலமும்’. அதன் வாரிசு ‘நலமான கோழி’. அச்சகத்தில் காகிதம் இல்லாமல் இரண்டு மாத இதழ் ஒன்றாக வந்ததை ‘இரு பத்திரிகைகளின் இணைப்பு’ என்று பதிந்தார்கள். நடுப்பக்கத்தில் தைக்க மறந்து தனியாக விழுந்த ‘குஞ்சுகளுக்கு’ என்ற தாள், பாகம் பிரிந்து தனிக்குடித்தனம் போனதாகப் பதிவாயிற்று. ஒரு மாதம் ‘கோழி நாலம்’ என்று தவறாக அச்சாகியிருந்தது. அச்சுப்பிழைக்கு உயிர் உண்டா என்று மன்றத்துக்கு எழுதிக் கேட்டார் பட்டியலம்மா. அட்டையில் இருந்தால் உண்டு என்று பதில் வந்தது. அதற்கும் எண் கிடைத்தது.

அந்த ஆண்டு அட்டவணையில் நாம் பக்கத்து நாட்டைத் தாண்டினோம். இயக்குநருக்குச் சாப்பாடு இறங்கியது. ‘கோழியியல் இதழியலில் தங்கள் நாட்டில் ஏற்பட்டுள்ள மறுமலர்ச்சி உறுப்பு நாடுகளை வியப்பில் ஆழ்த்தியுள்ளது’ என்று மன்றத்திடமிருந்து பாராட்டு வந்தது. இவ்வளவு பெரிய மறுமலர்ச்சியை ஒரே நாடு தனியாகச் சுமப்பது நியாயமல்ல என்றும் மன்றம் கருதியது. ஆகவே, பகிர்ந்து பாதுகாக்கும் திட்டத்தின் கீழ், வம்சத்தின் ஒவ்வோர் உறுப்பினரையும் ஒவ்வொரு நாடு தத்து எடுத்துக்கொண்டது. டாக்டரின் இதழ்கள் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டப்பட்டு விமானம் ஏறின. டாக்டருக்கு இது எதுவும் தெரியாது. அவர் அப்போது வாத்துக்கு வரும் இருமல் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் கோழிகள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தன.

ஊருக்கு வெளியே ஒரு பண்ணை. கணவர் போன பிறகு ஒரு பெண் தன் தங்கையை வைத்துக்கொண்டு அதை நடத்தி வந்தார். பண்ணையக்கா என்று சொல்வார்கள். ஒரு நாள் காலையில் கொட்டகையைத் திறந்தால் நாலைந்து கோழிகள் கழுத்தைத் திருகி, தலையை மல்லாத்தி, கூரையையே பார்த்துக்கொண்டு நின்றன. தீனி எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனால் அலகு பாத்திரத்துக்குப் பதிலாக முதுகில் போய் இடித்தது. மறுநாள் ஒரு வரிசை முழுக்க அப்படியே நின்றது. முதல் நாள் நின்றவை செத்திருந்தன.

பண்ணையக்கா ஒரு கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடி வந்தார். டாக்டர் கூடையை எட்டிப் பார்த்தார். கோழி டாக்டரைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தது.

“அடடா, இது கழுத்துத் திருகல்மா. பூஞ்சை பிடிச்ச தீனியால வருது. ஊசி ஒண்ணு இருக்கு, போட்டா ரெண்டே நாள்ல தலை நேராயிடும். நான் விவரமா எழுதியிருக்கேன்.”

“ஊசி எங்க கிடைக்கும் டாக்டர்?”

“வெளில கிடைக்காது. அரசாங்கக் கிடங்குல இருக்கும். வா, நானே வரேன்.”

கிடங்கு அதிகாரி நல்ல மனிதர். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“மருந்து இருக்கா தம்பி?”

“நிறைய இருக்கு சார். யாரும் வாங்கவே இல்ல.”

“அப்ப குடு.”

“இந்த நோய்க்கு இந்த மருந்துன்னு ஆதாரம் வேணும் சார். அச்சுல வந்த ஆதாரம்.”

“நான்தான் சொல்றேனே. ஆயுசு பூரா கோழி பாத்தவன்.”

“உங்கள நான் தெய்வமா நெனைக்கிறேன் சார். ஆனா வாய்வார்த்தைய ஏத்துக்க முடியாது.”

“அட, இதப் பத்திக் கட்டுரை எழுதினதே நான்தான்பா!”

“அப்ப ரொம்ப நல்லதா போச்சு. கட்டுரையக் கொண்டாங்க. எழுதினவரை நம்ப எனக்கு அதிகாரம் இல்ல சார். எழுத்த நம்பத்தான் அதிகாரம்.”

பண்ணையக்கா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே கோழி கூரையைப் பார்த்தபடி இருந்தது. இருவரும் நேராக நூலகத்துக்குப் போனார்கள்.

பட்டியலம்மா டாக்டரை மரியாதையாக உட்கார வைத்தார்.

“சொல்லுங்க. எந்தப் பத்திரிகைல எழுதினீங்க?”

“என் பத்திரிகைலதாம்மா.”

“அதான் கேக்குறேன். உங்க பத்திரிகைகள்ல எது?”

“நான் ஒரே ஒரு பத்திரிகைதானேம்மா நடத்துறேன்?”

பட்டியலம்மா அவரை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்க அப்படி நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க” என்றார்.

சுவரில் வம்ச வரைபடம் மாட்டியிருந்தது. டாக்டர் எழுந்து போய்ப் பார்த்தார். தான் பெற்ற பிள்ளைகள் இத்தனை பேர் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. சிலருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெரும்பாலோர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

“என் சம்சாரத்துக்கு முட்டி ஆபரேஷன் நடந்த மாசம் எழுதினேன். நல்லா ஞாபகம் இருக்கு” என்றார்.

மாதத்தைக் கேட்டுப் பட்டியலம்மா கணினியில் தேடினார். “கோழி 360. ஒரே இதழ் வந்து நின்னுபோச்சு. இப்ப வெளிநாட்டுல இருக்கு.”

“வெளிநாட்டுலயா? நானே போனதில்லையேம்மா!”

“பத்திரமா இருக்கும், கவலைப்படாதீங்க. இரவல் கேட்டு எழுதலாம். அதுக்கு முன்னாடி, இந்தப் பத்திரிகை நம்ம நாட்டுல இல்லன்னு ஒரு சான்று வேணும்.”

“இல்லதானேம்மா? குடுத்துடுங்க.”

“சான்று நான்தான் குடுக்கணும். ஆனா இந்தப் பத்திரிகை நம்ம நாட்டோடதுன்னு பட்டியல்ல எழுதினதும் நான்தான். இருக்குன்னு எழுதின கையால இல்லன்னு எழுதினா நாளைக்கு இந்தப் பட்டியல எவன் நம்புவான்?”

பண்ணையக்காவுக்குப் பொறுக்கவில்லை. கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். “அம்மா, இதப் பாருங்க. பண்ணையில இது மாதிரி வரிசையா நிக்குது. இதுதான் எங்க சோறு.”

பட்டியலம்மா பார்த்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடே விதித் தொகுப்பைத் திறந்து தேடினார். கோழி என்ற சொல்லே அதில் இல்லை.

டாக்டர் அங்கிருந்து நேரே அச்சகத்துக்குப் போனார். அவர் கோபப்பட்டு அச்சகக்காரர் பார்த்ததே இல்லை.

“இனிமே ஒரே பேரு. கோழி நலம். ஒரு எழுத்து மாத்தினே, உங்க அக்காவ இங்க கொண்டாந்து உக்கார வெச்சுடுவேன்.”

அச்சகக்காரர் நடுங்கிப்போய் ஒப்புக்கொண்டார். செய்தி எப்படியோ நூலகத்துக்கு எட்டியது. மாலையே இயக்குநர் டாக்டர் வீட்டு வாசலில் நின்றார். மன்றத்தின் நிபுணர் குழு ஒன்று மறுமலர்ச்சியை நேரில் காண அடுத்த வாரம் வரவிருந்தது. அந்த நேரத்தில் பத்திரிகையின் பெயர் மாறாமல் நின்றுவிட்டால் நாட்டின் கதி என்ன?

டாக்டரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

“டாக்டர், உங்ககிட்ட பெரிசா ஒண்ணும் கேக்கல. மாசம் ஒரு பேரு. நீங்க யோசிக்கக்கூட வேணாம். நாங்களே குழு போட்டு அனுப்பிடுறோம்” என்றார் இயக்குநர்.

“உள்ள ஒரு மாத்தமும் பண்ணாம பேரை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு முன்னேத்தமாங்க?” என்று மனைவி கேட்டார்.

“அம்மா, அதுக்குன்னு தனித் துறையே இருக்கு” என்றார் இயக்குநர்.

டாக்டர் யோசித்தார். வருகிற நிபுணர்களில் யாராவது ஒருவர் நாட்டில் அந்தக் கட்டுரைப் பக்கம் இருக்கும். நேரில் கேட்டுவிட்டால் விண்ணப்பம், சான்று எதுவும் வேண்டாமே. கூட்டத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். அதுவரை பெயரைப் பற்றிப் பேச்சு இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் பண்ணையில் தினமும் குழி வெட்டினார்கள்.

நிபுணர் குழு வந்தது. நூலகத்தின் பெரிய கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பத்திரிகையின் பெயர் எழுதிய அட்டை வைக்கப்பட்டிருந்தது. ‘இன்றைய கோழி’ ஆசிரியர், ‘நலமான கோழி’ ஆசிரியர், ‘கோழி நாலம்’ ஆசிரியர் எல்லோருக்கும் இடம் இருந்தது. ‘கோழி 360’ நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மற்றவை காலியாக இருந்தன.

“மற்ற ஆசிரியர்கள் எங்கே?” என்று குழுத் தலைவி கேட்டதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

“கடும் பணிச்சுமை” என்றார் இயக்குநர். குழுவினர் மரியாதையோடு குறித்துக்கொண்டார்கள்.

தலைவி டாக்டர் பக்கம் திரும்பினார். இத்தகைய வளர்ச்சியின் ரகசியம் என்ன என்று கேட்டார்.

“கோழி எல்லாம் செத்துக்கிட்டு இருக்கும்மா. என் பக்கம் ஒண்ணு உங்ககிட்ட மாட்டிக்கிட்டு இருக்கு. அதத் திருப்பிக் குடுத்தா போதும்” என்றார் டாக்டர்.

மொழிபெயர்ப்பாளர் அனுபவசாலி. இயக்குநர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். பக்கத்தில் இருந்த பட்டியலம்மாவுக்கு அந்த மொழி கொஞ்சம் தெரியும். ‘நாடுகளுக்கிடையே பக்கங்கள் தங்குதடையின்றிப் பறக்க வேண்டும் என்பது இவருடைய கனவு’ என்று அவர் சொன்னதாகப் பட்டியலம்மா பிற்பாடு தெரிவித்தார். குழு கைதட்டியது.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்லிப் பயனில்லை. எழுந்து நடுவில் வந்து நின்றார். இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி மடக்கிக்கொண்டார். கழுத்தைத் திருகி, தலையை மல்லாத்தி, கூடத்தின் கூரையைப் பார்த்தார். அப்படியே தள்ளாடி இரண்டு சுற்று வந்தார். அவ்வளவு வயதானவர், அவ்வளவு படித்தவர், ஒரு பெண்ணின் கோழிகளுக்காக ஊரார் முன்னால் அப்படிச் சுற்றினார்.

குழுத் தலைவி நெகிழ்ந்துபோனார். இது இந்த நாட்டு வணக்கம் என்று எடுத்துக்கொண்டு, தானும் எழுந்து கைகளை மடக்கிக் கழுத்தைத் திருகிக் கூரையைப் பார்த்தார். தலைவி செய்ததால் மற்ற நிபுணர்களும் செய்தார்கள். விருந்தினர் செய்யும்போது சும்மா நிற்பது முறையல்ல என்று இயக்குநரும் செய்தார். புகைப்படக்காரர் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். மறுநாள் பத்திரிகைகளில் ‘உயர்ந்த நோக்கு’ என்ற தலைப்பில் அந்தப் படம் வெளியாயிற்று.

கடைசியில் டாக்டர் பலகையில் ‘கோழி 360’ இதழின் மேலட்டையை வரைந்து காட்டிய பிறகுதான் தலைவிக்கு விஷயம் பிடிபட்டது. அவர் முகம் மலர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் இந்தமுறை உள்ளதை உள்ளபடியே சொன்னார்:

“அது இவங்க நூலகத்துலதான் இருக்காம். இவங்களே கையால வாங்கி வெச்சாங்களாம். குளிர் அறைல, கண்ணாடிப் பெட்டில இருக்காம்.”

“அப்பாடா! ஒரு பக்கம் நகல் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

“முடியாதாம். உலகத்துலயே ஒரே பிரதியாம். வெளிச்சம் படக்கூடாதாம்.”

“அவங்க திறந்து படிச்சாவது சொல்லலாமே?”

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். தலைவி சற்று ஆச்சரியப்பட்டு ஏதோ சொன்னார்.

“திறந்ததே இல்லையாம். பட்டியலுக்கு அட்டை போதுமாம்.”

டாக்டர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏங்க, அதையே திரும்ப எழுதிடுங்களேன்.”

டாக்டர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான். அன்று மாலையே எழுதினார். மனைவி பிழை திருத்தினார். அச்சகக்காரர் தன் அக்கா மேல் சத்தியம் செய்து, தலைப்பில் கைவைக்காமல் அச்சடித்துக் கொடுத்தார். ‘கோழி நலம். கழுத்துத் திருகல் சிறப்பிதழ்.’

கிடங்கு அதிகாரி இதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புரட்டினார். பிறகு முகம் வாடினார். “எண் இல்லையே சார். எண் இல்லாட்டி இது வெறும் தாளுதான்.”

மறுபடியும் நூலகம். இந்தமுறை பட்டியலம்மா கோழிகளுக்காகத் தன் பிரிவின் மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

“பழைய கோழி நலம் காலமானதா பதிவாயிடுச்சு, இது புதுசு. எண் குடுத்துடுறேன் டாக்டர். ஒரே ஒரு கேள்வி. இது தொடர்ந்து வருமா?”

“இல்லம்மா. போதும். இதோட நிறுத்திக்கப் போறேன்.”

பட்டியலம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அப்படிச் சொல்லாதீங்க. நின்னுபோறது தொடர் வெளியீடு ஆகாது. புத்தகம் ஆயிடும். புத்தகப் பிரிவுல போன வருஷத்துதே இன்னும் முடியல.”

“சரிம்மா, இன்னும் ஒரு வருஷம் வரும்னு எழுதிக்க.”

“வருஷக் கணக்கு கிடையாது. விதில என்ன இருக்குன்னா, முடிவின்றித் தொடரும் நோக்கம் வேணும்.”

“முடிவின்றியா?”

“முடிவின்றி.”

டாக்டர் மார்பைத் தடவிக்கொண்டார். “எனக்கு இருதயத்துல ரெண்டு அடைப்பு இருக்கும்மா” என்றார் மெல்ல.

“நோக்கம் இருந்தா போதும் டாக்டர்” என்றார் பட்டியலம்மா, அதைவிட மெல்ல.

டாக்டர் முடிவின்றித் தொடர்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எண் கிடைத்தது. மருந்து கிடைத்தது. பண்ணையில் பாதிக் கொட்டகை அதற்குள் காலியாகியிருந்தது. மீதிக் கோழிகளுக்கு டாக்டரே விடிய விடிய ஊசி போட்டார். மூன்றாம் நாள் அவை ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தன. தரையில் தீனி இருப்பதைக் கண்டு அவற்றுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பண்ணையக்கா கொட்டகை வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தங்கை அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

மன்றம் இதைப் பன்னாட்டு ஒத்துழைப்பின் மகத்தான வெற்றி என்று அறிவித்தது. இயக்குநர் அதைப் பற்றிப் பேச வெளிநாடு போனார். டாக்டருக்குக் கோழியியல் ஆலோசகர் என்று மன்றம் ஒரு பதவி கொடுத்தது. சம்பளம் கிடையாது, முத்திரை உண்டு. டாக்டர் முன்னறையில் ஒரு மேசை போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பத்திரிகையும் மாதம் தவறாமல் வந்தது. மேசைக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பதில் போடுவதற்காகக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். பிறகு அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான் பார்வையாளர் என்று வாசலில் எழுதிப் போட்டார்.

மழைக்காலம் முடிந்த சமயம் பண்ணையக்கா மறுபடியும் கூடையோடு வந்தார். கோழிக்குக் கால் வீங்கியிருந்தது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “ஒண்ணுமில்லமா. ஈரத்தால வந்தது. தரையில காஞ்ச மரத்தூளு போடு, சரியாயிடும்.”

பண்ணையக்கா நகரவில்லை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டார்:

“அது சரி டாக்டர், எந்த இதழ்ல வந்திருக்கு?”

“இதழ்ல வரல. நான் சொல்றேன்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் எண்ணோட குடுத்துட்டீங்கன்னா நிம்மதியா போடுவேன். போன தடவ எவ்வளவு பட்டுட்டோம்! வாய்வார்த்தைய நம்பி எப்படி…”

டாக்டருக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து, அவரே எதிர்பார்க்காத குரலில், தெளிவாகவும் அமைதியாகவும் சில சொற்கள் வந்தன.

“கோரிக்கைய எழுத்து மூலமா குடுத்துட்டுப் போம்மா. பரிசீலிச்சுட்டுச் சொல்றேன்.”

பண்ணையக்கா மிகுந்த திருப்தியோடு காகிதம் கேட்டு வாங்கி, மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதினார். டாக்டர் அதில் முத்திரை குத்தினார். கோழி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. பரிசீலனை முடியும்வரை அது இருந்ததா என்பது குறித்து எந்த உறுப்பு நாட்டிலும் பதிவு இல்லை.